ஒரே ஒரு நாடுதான் போட முடியும்: ஃபுல்பிரைட் இடிஏ-வுக்கு கொரியாவா, தைவானா, ஸ்பெயினா, மலேசியாவா?

அக்கா பொண்ணு போன வாரம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் அனுப்பிச்சா. காலேஜ்ல கடைசி வருஷம் ஆரம்பிக்கப் போறா, அமெரிக்க அரசாங்கம் பணம் குடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பற ஃபுல்பிரைட் ப்ரோக்ராம்ல இங்கிலீஷ் டீச்சிங் அசிஸ்டன்ட் கிராண்டுக்கு, அதான் எல்லாரும் இடிஏ-ன்னு சொல்றது, அதுக்கு அப்ளை பண்ணணும்னு இருக்கா. "சித்தி, எதைப் போடட்டும் நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டு 11 நாடு, ஒவ்வொண்ணுக்கும் பச்சை மஞ்சள் சிவப்பு கலர், செலக்ஷன் சதவீதம், சாப்பாடு, பீச் எவ்ளோ தூரம்ங்கிற வரைக்கும் போட்டு வச்சிருக்கா. எல்லாம் இருக்கு, ஒரு கட்டம் மட்டும் இல்ல. அந்த நாட்டு ஸ்கூலுக்கு இவ எதுக்கு வேணும்ங்கிற கட்டம்.

அவளுக்கு ஃபோன்ல சொன்னதைத்தான் இங்க எழுதுறேன், இங்க அமெரிக்காவுல நம்ம பசங்க நிறைய பேர் இப்ப இதுக்கு அப்ளை பண்றாங்க. பசங்க தமிழ் படிக்க மாட்டாங்கன்னு தெரியும், அப்பா அம்மா படிச்சு சொல்லிடுங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஃபுல்பிரைட் 1946ல ஆரம்பிச்சது, அர்கான்சா செனட்டர் ஃபுல்பிரைட் கொண்டு வந்த சட்டம். அதுல ஒரு பிரிவுதான் இந்த இடிஏ, அமெரிக்கன் சிட்டிசனா இருக்கணும், கிராண்ட் ஆரம்பிக்கறதுக்குள்ள டிகிரி கைல இருக்கணும், கிரீன் கார்டு மட்டும் இருந்தா முடியாது. இன்னொரு நாட்டு ஸ்கூல்லயோ காலேஜ்லயோ ஒரு கல்வி வருஷம் இங்கிலீஷ் கிளாஸ்ல உதவி பண்ணணும், டிக்கெட்டும் அங்க இருக்கறதுக்கு ஸ்டைபென்டும் தருவாங்க. பிரச்சனை என்னன்னா ஒரு வருஷத்துக்கு ஒரு அப்ளிகேஷன், அதுல ஒரு நாடு. காலேஜ் அட்மிஷன் மாதிரி பத்து இடத்துக்கு போட்டு வச்சுட்டு காத்திருக்க முடியாது. அதனாலதான் இவ்ளோ மண்டை காயுது.

நான் ரெண்டு தடவை போட்டேன். 2015 அக்டோபர்ல ஸ்பெயின், ஜனவரிலயே இல்லன்னு வந்துடுச்சு. அடுத்த அக்டோபர்ல மலேசியா, கிடைச்சுது. ரெண்டு அப்ளிகேஷனுக்கும் நடுவுல நான் ஒண்ணும் பெரிய அறிவாளி ஆயிடல, மார்க் அதே மார்க், ரெக்கமண்டேஷன் குடுத்த ப்ரொஃபசர்ல ரெண்டு பேர் அதே ஆளுங்க. ஸ்பெயினுக்கு எழுதினத இப்ப எடுத்து படிச்சா எனக்கே சிரிப்பு வருது, முழுக்க முழுக்க "எனக்கு ஸ்பானிஷ் பிடிக்கும், அந்த கலாச்சாரத்துல வாழணும், எனக்கு அது பெரிய அனுபவமா இருக்கும்"னுதான் இருக்கு. அந்த ஊர் டீச்சர் ஒருத்தர் அதை படிச்சா சரிம்மா சந்தோஷம், திங்கக்கிழமை காலைல என் கிளாஸ்ல நீ என்ன பண்ணுவன்னு கேட்டிருப்பாரு, அதுக்கு பதிலே இல்ல.

இது ரெண்டு ரவுண்டுங்கறத நிறைய பேர் கவனிக்கறதில்ல. முதல்ல இங்க அமெரிக்காவுல ஒரு கமிட்டி படிச்சு செமி ஃபைனலிஸ்ட் லிஸ்ட் போடும், அது ஜனவரி வாக்குல தெரியும். அப்புறம் ஃபைல் அந்த நாட்டுக்கு போகும், அங்க இருக்கற ஃபுல்பிரைட் கமிஷனோ, கமிஷன் இல்லாத நாடா இருந்தா அமெரிக்கன் எம்பஸியோ பார்ப்பாங்க, இருக்கற சீட்டை விட அதிகமான பேர் அங்க போவாங்க, அதுல பாதி சமயம் நல்ல அப்ளிகேஷனே கழியும். அதாவது கடைசியா உங்களை எடுக்கறது அந்த ஊர்க்காரங்க.

இப்ப அந்த சதவீத விஷயம். ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை பேர் போட்டாங்க எத்தனை பேருக்கு கிடைச்சுதுன்னு ஃபுல்பிரைட்காரங்களே போடுறாங்க, பாருங்க, பார்க்க வேண்டாம்னு சொல்லல. ஆனா அக்கா பொண்ணு பண்ண மாதிரி அதை மேல இருந்து கீழ வரிசைப்படுத்தி முதல்ல இருக்கறதை டிக் பண்ணக் கூடாது. ரெண்டே சீட்டு இருக்கற நாட்ல ஒரு வருஷம் ஒரு ஆள் கூடினாலோ குறைஞ்சாலோ சதவீதம் தலைகீழா மாறிடும். அது போக, மொழி தெரிஞ்சாகணும்னு சொல்ற நாட்டுக்கு கொஞ்சம் பேர்தான் போடுவாங்க, சதவீதம் பளிச்சுன்னு இருக்கும், ஆனா போடுற அத்தனை பேரும் அந்த மொழில நாலு வருஷம் ஊறினவங்க. அந்த கூட்டத்துல டுவோலிங்கோ ஆப்ல மூணு மாசம் மொழி படிச்சுட்டு போய் நின்னா அந்த சதவீதம் உங்களுக்கு இல்ல.

ஜெர்மனி அதுக்கு நல்ல உதாரணம். நூறுக்கு மேல இடிஏ எடுத்த வருஷங்கள் உண்டு, பெரிய ப்ரோக்ராம், ஆனா ஜெர்மன் தெரிஞ்சிருக்கணும். கிளாஸ் வேலை வாரம் 12 மணி நேரம் போலத்தான், மிச்ச நேரம் உங்களோடது, ஸ்கூல்ல டிபேட் க்ளப், தியேட்டர்னு ஏதாவது செய்யலாம். ஹைஸ்கூல்ல இருந்து ஜெர்மன் எடுத்த பசங்களுக்கு கண்ணை மூடிட்டு இதைத்தான் சொல்வேன். மத்தவங்க அடுத்த பாராவுக்கு போங்க.

ஸ்பெயின். எல்லாருக்கும் முதல்ல தோணுறது, எனக்கும் தோணுச்சு, அதான் கஷ்டம். இங்க ஸ்கூல்ல எல்லாரும் எடுக்கறது ஸ்பானிஷ், அதனால கூட்டம் அதிகம், "ஸ்பானிஷ் தெரியும்"ங்கறது அங்க ஒரு தகுதியே இல்ல. மாட்ரிட்ல இருக்கறவங்க குளோபல் கிளாஸ்ரூம்ஸ்னு ஐநா சபை மாதிரி பசங்களை உக்கார வச்சு நாடு நாடா பேச வைக்கற ப்ரோக்ராம்ல வேலை செய்வாங்க, ஆக மாடல் யுஎன் பண்ணின பொண்ணு பையனுக்கு அங்க சொல்றதுக்கு விஷயம் இருக்கு. அது இல்லாம வெறும் ஆசை மட்டும்னா, ஃபுல்பிரைட்டை அங்க செலவழிக்காதீங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா ஸ்பெயின் அரசாங்கமே தனியா ஒரு ப்ரோக்ராம் நடத்துது, வாரம் 12ல இருந்து 16 மணி நேரம், ரொம்ப நாளா மாசம் 700 யூரோ, மாட்ரிட்ல 1000னு இருந்துச்சு, அதுல அமெரிக்கர்களை நிறைய எடுக்கறாங்க. பேர் ஃபுல்பிரைட் இல்ல அவ்ளோதான், ஊரு அதே ஊரு. ஃப்ரான்ஸ்லயும் இதே மாதிரி இருக்கு, அக்டோபர்ல இருந்து ஏப்ரல் வரை ஏழு மாசம், வாரம் 12 மணி நேரம். ஜப்பான் ஆசைன்னா ஃபுல்பிரைட் இடிஏ-ல ஜப்பானே கிடையாது, ஜப்பான் அரசாங்கத்தோட ஜெட் ப்ரோக்ராம்தான், 1987ல இருந்து நடக்குது, அஞ்சு வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம், அது ஸ்டைபென்ட் இல்ல சம்பளம். இதையெல்லாம் ஃபுல்பிரைட்டோட சேர்த்தே அப்ளை பண்ணலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. அந்த ஒரே ஒரு டிக்கை வேற வழில போக முடியாத இடத்துக்கு வச்சுக்கறது புத்திசாலித்தனம்.

கொரியாவும் தைவானும் தான் அக்கா பொண்ணுக்கு கடைசில நின்ன ரெண்டு, அதனால இதை கொஞ்சம் விரிவா சொல்றேன். ரெண்டுக்கும் மொழி கட்டாயம் இல்ல, ரெண்டுலயும் சீட்டு நிறைய, ரெண்டுலயும் தலைநகரத்துல இருப்போம்னு நினைச்சு போனா ஏமாந்துடுவீங்க. வெளில இருந்து பார்த்தா ஒரே மாதிரி இருக்கும். வேலை ஒரே மாதிரி இல்ல.

கொரியாவுல இடிஏ 1992ல இருந்து இருக்கு. பேர்தான் அசிஸ்டன்ட், நிஜத்துல போர்டுக்கு முன்னாடி நின்னு கிளாஸ் எடுக்கறது பெரும்பாலும் நீங்கதான், கூட கொரியன் டீச்சர் இருந்தாலும் பாடம் உங்க தலைல. அதனாலதான் ஸ்கூலுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி வாரக்கணக்குல ட்ரெய்னிங் வைக்கறாங்க, கொரியன் கிளாஸ், டீச்சிங் பிராக்டீஸ்னு பிழிஞ்செடுப்பாங்க. ஒரு கொரியன் குடும்பத்தோட வீட்ல தங்கறதுங்கறது அந்த ப்ரோக்ராமோட பழைய அடையாளம், இந்த வருஷம் எப்படின்னு அவங்க பக்கத்துல பார்த்துக்கோங்க. தனியா நின்னு சமாளிக்கற பொண்ணு, ஏற்கனவே எங்கயாவது பாடம் எடுத்தவ, கேம்ப் நடத்தினவன்னா கொரியா அருமை. நல்லா பண்ணா இன்னொரு வருஷம் கேட்டு வாங்கலாம்.

தைவான்ல அப்படி இல்ல, அங்க ரெண்டு பேர் சேர்ந்து எடுக்கறது. உள்ளூர் இங்கிலீஷ் டீச்சரும் நீங்களும் ஜோடி, பெரும்பாலும் எலிமென்டரி இல்லன்னா ஜூனியர் ஹை, சின்னப் பசங்க. 2030க்குள்ள நாட்டை ரெண்டு மொழி நாடா ஆக்கணும்னு 2018ல அரசாங்கம் ஒரு திட்டம் போட்டுச்சு, அதனால ஸ்கூல்கள்ல தேவை நிஜமாவே இருக்கு, "எதுக்கு வேணும்"ங்கற கேள்விக்கு பாதி பதில் அவங்களே எழுதி வச்சிருக்காங்க. யீலான், தாய்தோங், காவ்ஸியோங் மாதிரி இடங்கள்ல போடுவாங்க, கின்மென்னு ஒரு தீவு இருக்கு, அது தைவானை விட சீனக் கரைக்குத்தான் கிட்ட, அங்கயும் போட்டிருக்காங்க. பெரிய ஊரை விட்டு வெளில போனா பஸ் கம்மி, ஸ்கூட்டர் ஓட்டணும், எங்க பேட்ச் காலத்துல தைவான் போன ஃப்ரெண்ட் ஒருத்தி முதல் மாசம் பூரா ஸ்கூட்டர் லைசென்ஸ் பத்தியேதான் மெசேஜ் பண்ணிட்டு இருந்தா. ஆனா ஒண்ணு, சுத்த சைவம் சாப்பிடற வீட்டு பசங்களுக்கு தைவானை மிஞ்ச முடியாது, பௌத்த சைவக் கடை தெருவுக்கு தெரு இருக்கும், எங்கக்கா இந்த ஒரு விஷயத்துக்காகவே தைவானுக்கு ஓட்டு போட்டுட்டா. கொரியாவுல காய்கறி மட்டும்னு கேட்டாலும் குழம்புல நெத்திலி தண்ணி இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கொரியாவுக்கு எழுதற தமிழ் பசங்க பாதிப் பேர் "அம்மா அப்பாங்கற வார்த்தை தமிழ், கொரியன் ரெண்டு மொழிலயும் ஒண்ணு, கொரியா ராணி நம்ம ஊர் பொண்ணு"ன்னு வாட்ஸ்அப்ல சுத்தற கதையை ஸ்டேட்மென்ட்ல எழுதறாங்க. வேண்டாம். கேக்க நல்லா இருக்கும், கிளாஸ்ல பசங்ககிட்ட சொல்லுங்க, சிரிப்பாங்க. அப்ளிகேஷன்ல அந்த இடத்துல நீங்க பாடம் எடுத்த ஒரு கிளாஸைப் பத்தி எழுதுங்க.

மலேசியா பத்தி நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், அதனால எனக்கு நடந்ததை மட்டும். ரெண்டாவது தடவை எழுதும்போது நான் வீக்கெண்ட் தமிழ் ஸ்கூல்ல நாலு வருஷம் சின்ன கிளாஸ் எடுத்ததை எழுதினேன். வீட்ல ஒரு மொழி, ஸ்கூல்ல ஒரு மொழி, வாயத் திறந்தா தப்பா பேசிடுவோமோன்னு பயப்படற பசங்க, அவங்களை எப்படி பேச வச்சேன்னு. மலேசியாவுல ஒரு கிளாஸ்ல மலாய், சீனம், தமிழ்னு மூணு வீட்டு மொழி இருக்கும், நாட்ல 500க்கு மேல தமிழ்ப் பள்ளி இருக்கு, அதுல ப்ரைமரி முடிச்ச பசங்க செகண்டரிக்கு மலாய் மீடியம் ஸ்கூலுக்கு வருவாங்க. இதுக்கு நான் பொருந்துறேன்னு யாருக்கும் விளக்க வேண்டிய அவசியமே இருக்கல. அதே நான்தான், அதே தமிழ் ஸ்கூல் அனுபவம் ஸ்பெயினுக்கு எழுதும்போதும் இருந்துச்சு, அதை அங்க ஒரு வரி கூட போடல.

2018 ஜனவரில போனேன், பஹாங் மாநிலத்துல ஒரு சின்ன டவுன், செகண்டரி ஸ்கூல். முதல் நாள் அசெம்ப்ளில பாஜு கூரோங்னு மலாய் பொண்ணுங்க போடற டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு நிக்கறேன், அமெரிக்காவுல இருந்து டீச்சர் வர்றாங்கன்னு சொல்லி வச்சிருந்தாங்க போல, பசங்க எனக்குப் பின்னாடி எட்டி எட்டி பார்க்குறாங்க, அமெரிக்கன் எங்கன்னு. அது கொரியா போனாலும் நடக்கும் ஸ்பெயின் போனாலும் நடக்கும், நம்ம மூஞ்சியோட அமெரிக்கன்னு சொன்னா ஒரு விளக்கம் கேப்பாங்க, அதுக்கு கோபப்படாம பதில் சொல்ல தயாரா இருக்கணும். ஆனா அங்க பின் பெஞ்ச்ல இருந்த ஒரு பொண்ணு "மிஸ், நீங்க தமிழா?"ன்னு கேட்ட தொனி இருக்கே.

சரி, இதுல ஒரு சிக்கலும் உண்டு, யாரும் சொல்லாதது. தமிழ் பசங்க எல்லாரும் என்கிட்ட தமிழ்லயே பேசினாங்க, பாசமா பேசினாங்க, இங்கிலீஷ் ஒரு வார்த்தை வரல. நான் போனதே இங்கிலீஷுக்கு. மலாய் பசங்களும் சீனப் பசங்களும் வேற வழி இல்லாம தட்டுத் தடுமாறி இங்கிலீஷ்ல பேசி ஆகஸ்ட்ல நல்லா முன்னேறிட்டாங்க, நம்ம பசங்க அப்படியே இருந்தாங்க. அப்புறம் ஸ்கூல் வாசலுக்குள்ள இங்கிலீஷ், வெளில கடைல பார்த்தா தமிழ்னு ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம். மொழி தெரிஞ்ச நாட்டுக்கு போறது சுலபம்னு நினைக்கறவங்களுக்காக சொல்றேன், வாழறதுக்கு சுலபம், வேலைக்கு எப்பவும் சுலபம் இல்ல.

இன்னொரு விஷயம் காலண்டர், இதை எந்த ஸ்ப்ரெட்ஷீட்லயும் நான் பார்த்ததில்ல. கொரியா, தைவான், ஐரோப்பா எல்லாம் டிகிரி முடிச்ச அதே கோடைலயோ இலையுதிர் காலத்துலயோ கிளம்பிடலாம். நான் போனப்ப மலேசியா ஸ்கூல் வருஷம் ஜனவரி டு நவம்பர், கிடைச்சிடுச்சுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும் மாசக்கணக்குல வீட்ல உக்காந்திருந்தேன், ஒரு காபி கடைல வேலை பார்த்தேன். கோவிட்டுக்கு அப்புறம் அங்க ஸ்கூல் வருஷம் மார்ச்சுக்கு தள்ளிப் போச்சு, 2026ல திரும்ப ஜனவரிக்கு கொண்டு வந்திருக்காங்க. பிரேசிலும் இதே கதை, அவங்க கல்வி வருஷம் பிப்ரவரி மார்ச் வாக்குல ஆரம்பிக்கும். பிரேசில் வேற மாதிரி இடம், அங்க யூனிவர்சிட்டில போடுவாங்க, நாளைக்கு இங்கிலீஷ் டீச்சர் ஆகப் போற ஸ்டூடன்ட்ஸோட வேலை, சின்னப் பசங்க கூட்டம் ஒத்து வராதவங்களுக்கு நல்லது, போர்ச்சுகீஸோ குறைஞ்சது ஸ்பானிஷோ இல்லாம கஷ்டம்.

மெடிக்கல் ஸ்கூல் கனவோட இருக்கற வீடுகள்ல இந்த காலண்டர்தான் சண்டையே. எம்கேட்ங்கற மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு மார்க்கை பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷம்தான் ஏத்துக்குவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே சீட்டு வாங்கி ஒரு வருஷம் தள்ளிப் போடறதா, அங்க இருந்துகிட்டே அப்ளை பண்ணி ராத்திரி ரெண்டு மணிக்கு வீடியோல இன்டர்வியூ குடுக்கறதா, ரெண்டுல ஒண்ணு. தள்ளிப் போட விடுவாங்களான்னு அந்தந்த ஸ்கூல்ல எழுத்துல கேட்டுக்கோங்க. கவர்மென்ட் வேலை பக்கம் போற பசங்களுக்கு வேற கணக்கு, கிராண்ட் முடிச்சு வந்ததும் 12 மாசத்துக்கு ஃபெடரல் வேலைகளுக்கு போட்டி இல்லாம எடுக்கற தகுதி ஒண்ணு கிடைக்கும், கோடைல திரும்பி வர்றதும் டிசம்பர்ல திரும்பி வர்றதும் அங்க ஒண்ணுதான்.

பணம் பத்தி அப்பாக்கள் கேப்பாங்க. சேமிக்கறதுக்கு இல்ல இது, அந்த ஊர்ல சாதாரணமா இருக்கற அளவுக்கு குடுப்பாங்க, கல்விக்கடன் தவணை ஓடிட்டு இருந்தா அதை நிறுத்தி வைக்க வழி இருக்கான்னு முன்னாடியே பாருங்க. ஸ்டைபென்ட்ல வரி பிடிக்க மாட்டாங்க, அதுக்காக வரிக் கணக்குல காட்ட வேண்டாம்னு இல்ல, எங்க பேட்ச்ல ஏப்ரல்ல முழிச்சவங்க நிறைய.

சின்ன நாடுகளையும் ஒரு தடவை பாருங்க, யாரும் பார்க்கறதில்ல. பல்கேரியாவுல மொழி கேக்கறதில்ல, போடற ஸ்கூல்ல பாதி ஃபாரின் லாங்குவேஜ் ஹைஸ்கூல், பசங்க இங்கிலீஷ்ல வெளுத்து வாங்குவாங்க, இடிஏ-க்கள் அங்க ஸ்பீச், டிபேட் டீம் நடத்தறாங்க. ஹைஸ்கூல்ல நாலு வருஷம் டிபேட் பண்ண பையன் ஸ்பெயினுக்கு வரிசைல நிக்கறதை விட இங்க போனா ராஜா. ஸ்பெயினுக்கும் ஃப்ரான்ஸுக்கும் நடுவுல மலைல இருக்கற அண்டோரால கூட விரல் விட்டு எண்ற அளவுல எடுத்திருக்காங்க.

அரசியலையும் மறக்காதீங்க, இது அமெரிக்க அரசாங்கத்து பணம். 2020 ஜூலைல சீனா, ஹாங்காங் ப்ரோக்ராமை ஒரு உத்தரவுல மூடிட்டாங்க, அதுக்கு மாண்டரின் படிச்சு தயாரானவங்க தைவானுக்கு திரும்பினாங்க, தைவான் கூட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கறேன். 2025 ஜூன்ல ஃபுல்பிரைட் போர்டு மெம்பர்ஸ் கிட்டத்தட்ட எல்லாருமே, செலக்ஷன்ல அரசாங்கம் கை வைக்குதுன்னு சொல்லி ராஜினாமா பண்ணாங்க. நாடுகள் லிஸ்ட் வருஷா வருஷம் மாறுது, போன வருஷம் போன அண்ணன் சொன்னான்னு நம்பாதீங்க, இந்த வருஷப் பக்கத்தை திறந்து ஒவ்வொரு வரியா படிங்க, முக்கியமா ரெட்டைக் குடியுரிமை இருக்கறவங்க, அந்த நாட்டு பாஸ்போர்ட்டும் இருந்தா சில இடத்துல எடுக்க மாட்டாங்க.

அக்கா பொண்ணுகிட்ட கடைசியா ஒரு வேலை குடுத்தேன். கொரியாவுக்கு ஒண்ணு தைவானுக்கு ஒண்ணுன்னு முதல் பாரா மட்டும் எழுது, நாட்டுப் பேரை அடிச்சுட்டு எனக்கு அனுப்பு, எது எந்த நாடுன்னு நான் கண்டுபிடிக்கறேன். முதல் தடவை அனுப்பினதுல ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, எந்த நாட்டுக்கும் ஒட்டும், எந்த நாட்டுக்கும் ஒட்டாது. திருப்பி அனுப்பிட்டேன், கோச்சுக்கிட்டா. நேத்து ராத்திரி ரெண்டாவது தடவை வந்துச்சு, அதுல ஒண்ணுல லைப்ரரில ரெண்டாங்கிளாஸ் பசங்களுக்கு இன்னொரு டீச்சரோட சேர்ந்து கதை படிச்சது, நடுவுல அந்த டீச்சர் கரடியாவும் இவ முயலாவும் மாறி மாறி குரல் குடுத்தது எல்லாம் எழுதிருந்தா. இன்னொண்ணு பழைய மாதிரியே இருந்துச்சு. தைவான் போடு, செப்டம்பர்ல உங்க காலேஜ் கமிட்டி இன்டர்வியூ வைப்பாங்க, அதுக்குள்ள ஸ்கூட்டர் ஓட்டக் கத்துக்கோன்னு சொல்லிட்டேன். அக்காவுக்கு ஸ்கூட்டர் விஷயம் இன்னும் தெரியாது.